நெகடிவ் எங்கே?

1970களின் தமிழ்ப் படமொன்றில் ஜெயலலிதா கையில் சாட்டையோடு நிற்கும் ஸ்டில் ஒன்று உண்டு. முப்பது வருடம் கழித்து, பெங்களூரில், கலைஞர் என். புஷ்பமாலா அதே கோலத்தில் கேமரா முன் நின்றார். படமெடுத்தவர் அந்த ஊரிலேயே வாழும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னி. 2000 முதல் 2004 வரை இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்’ தொடரில் அது ஒரு படம். ரவி வர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, நாளிதழில் வந்த குற்றவாளிகளின் போட்டோ என்று நம் கண்ணுக்குப் பழகிய உருவங்களாக புஷ்பமாலா ஒவ்வொன்றாக மாறினார். வெள்ளைக்காரர் ஆட்சியில் பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, உடம்பை அளந்து படமெடுத்தார்களே, அந்தக் கொடுமையையும் அவர் விடவில்லை. தொடரின் அந்தப் பகுதி பழைய முறையிலேயே வெள்ளி பூசிய தாளில் அச்சாகி, பழுப்பு நிறமேற்றிய பிரிண்டுகளாக வெளிவந்தது.

வரைந்த திரைச்சீலை, அசையாமல் நிற்கும் ஆள், எதிரே ஸ்டாண்டில் கேமரா. நம் தாத்தா பாட்டியின் கல்யாண போட்டோவை எடுத்த முறைதான் அது. பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஜி.கே. வேல் போன்ற ஸ்டூடியோக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களை அப்படித்தான் உட்காரவைத்துப் படம் பிடித்தன. அந்தத் தொழில் ஏறக்குறைய மறைந்தபின், அதன் கருவியான ஃபிலிம் கேமராவை மட்டும் இந்த ஊரின் இளைஞர்கள் சிலர் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளுக்கு நடுவிலும், சர்ச் ஸ்ட்ரீட்டிலும், கழுத்தில் பழைய யாஷிகாவோ பென்டாக்ஸோ தொங்க நடப்பவர்களைப் பார்க்கலாம். சிலருடையது அப்பாவின் அலமாரியிலிருந்து வந்தது. சிலருடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

செலவு கொஞ்சமல்ல. ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் ஆயிரம் ரூபாய் தாண்டிவிடும். 35 எம்.எம். ரோலில் 36 படம். ஒவ்வொரு கிளிக்குக்கும் முப்பது ரூபாய் போல ஆகிறது. போனில் ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கிற தலைமுறை இதற்கு ஏன் வருகிறது? புதுமை மோகம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. இந்தக் கேமரா எடுப்பவரிடமும் எதிரில் நிற்பவரிடமும் வேறொரு நடத்தையைக் கேட்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இந்த ஊரில் ஃபிலிமுக்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1850களில் பெங்களூரைத் தளமாக வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று எடுத்த படங்களை இங்கே திரும்பிவந்து அச்சிட்டார். 120 படங்கள், ஒவ்வொன்றிலும் 50 பிரதி. அத்தனையும் கையால், வெயிலில் வைத்து எடுத்த பிரிண்டுகள். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருடைய நெகடிவ் மெழுகேற்றிய காகிதம். ஒரு படம் பதியப் பல நிமிடங்கள்கூட ஆகும். ஆகவே கோயிலும் கோபுரமும் பதிந்தன. எதிரே நடந்துபோன மனிதர்கள் பதியவில்லை. வானம் வெறுமையாக வந்தால் டிரைப் நெகடிவிலேயே மேகத்தை வரைந்துவிடுவார்.

நடந்துபோகிறவர் படத்தில் நிற்க, கருவி கைக்கு அடக்கமாக வேண்டியிருந்தது. 1925இல் ஜெர்மனியில் லைகா விற்பனைக்கு வந்தது. சினிமா ஃபிலிமையே போட்டுக்கொள்ளும் சின்னக் கேமரா. 1929இல் ரோலிஃப்ளெக்ஸ் வந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது எடுக்க. அதை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். எரிச்சலூட்டும் ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் தெருவில் ஒருவரைப் படமெடுக்க இதைவிட மரியாதையான கருவி கிடையாது. எதிரில் இருப்பவர் கண்ணுக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை. எடுப்பவர் தலை தாழ்த்தித்தான் நிற்கிறார். உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாவின் முகமும் கேமராவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. அவர் பேச்சை நிறுத்தாமலே படம் விழுந்துவிடும்.

கன்னட நாட்டில் இந்தக் கருவிகளின் காலத்தை நிறைத்தவர் டி.எஸ். சத்யன். 1923இல் மைசூரில் பிறந்தவர். 1948இல் பெங்களூரில் தொடங்கிய டெக்கான் ஹெரால்டு நாளிதழில் வேலை பார்த்து, பிறகு இல்லஸ்டிரேட்டட் வீக்லிக்குப் போனார். உலக சுகாதார நிறுவனத்துக்கும் யுனிசெஃபுக்கும் ஊர் ஊராக அலைந்து படமெடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ. பிரதமர்களும் இருக்கிறார்கள் அவர் படங்களில். ஆனால் நினைவில் தங்குபவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், உழைக்கும் பெண்கள், திண்ணையில் உட்கார்ந்த கிழவர்கள். யாரும் கேமராவுக்காக விறைத்துக்கொண்டு நிற்பதில்லை. 2009இல் அவர் மறைந்தார். அவருடைய படங்களின் பெருந்தொகுப்பு இன்று பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் மக்களுக்குத் திறந்த இடம் அது. புகைப்படத்தில் ஆர்வமுள்ள தமிழர்கள் பெங்களூர் போனால் தவறாமல் பார்க்க வேண்டியது.

சத்யன் கையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாமலும் படமெடுக்க முடிந்திருக்கும். அந்தத் தலைமுறைக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 16இல் வை. ஃபிலிமின் வேகம் 400 என்றால் ஷட்டரை 500இல் ஒரு பங்கு நொடிக்கு வை. லேசாக மேகம் படர்ந்தால் ஒரு படி திற, நிழலுக்குள் போனால் மூன்று படி திற. தூரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 35 எம்.எம். லென்ஸை எஃப் 11இல் வைத்து, 3 மீட்டருக்கு ஃபோகஸ் திருப்பிவிட்டால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டாம். சிக்பேட்டை நெரிசலில் கண்ணும் காலும் மட்டும் வேலை செய்தால் போதும்.

கே.ஆர். மார்க்கெட் உள்ளே இந்தக் கணக்கு செல்லாது. இங்கே 1905லேயே மின்விளக்கு எரிந்திருக்கிறது என்றாலும், பூ மண்டபத்தில் வெளிச்சம் மேலிருந்து பட்டை பட்டையாகத்தான் இறங்கும். சாமந்திக் குவியல் பளீரென்றும் வியாபாரியின் முகம் இருட்டாகவும் இருக்கும். அங்கே 400 வேக ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது மருந்தில் கூடுதல் நேரம் விடுகிறார்கள். சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போதும் இதே உத்திதான். படம் பொரிபொரியாக வரும். பரவாயில்லை, இரவு இரவாகவே இருக்கும்.

போர்ட்ரெய்ட்டுக்கு வரும்போது நமக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் கறுத்த மனிதரைக் காட்டினால், வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகிவிடும். அனுபவசாலிகள் மீட்டரை அவர் முகத்தருகே கொண்டுபோய், நிழல் விழும் கன்னத்தை அளப்பார்கள். கறுப்பு வெள்ளை நெகடிவில் நிழலுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டால் போதும், வெளுப்பைக் கழுவும்போது அடக்கிக்கொள்ளலாம். வெயிலில் நிற்கவைக்காமல், கடை வாசல் நிழலில் தெருவைப் பார்த்து நிற்கவைத்தால் கறுத்த தோலின் பளபளப்பு, சுருக்கம், கண்ணின் ஈரம் எல்லாம் அழகாக விழும்.

கலர் ஃபிலிம் இந்தத் தோலுக்கு இழைத்த அநீதி நீண்ட காலம் நீடித்தது. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டபின்தான் ஃபிலிமைத் திருத்தும் வேலை வேகம் பிடித்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கான மனிதர்களின் தோலுக்குக் கிடைக்காத அக்கறை மர நாற்காலிக்குக் கிடைத்தது. நம் ஸ்டூடியோக்களோ வேறு வழியில் அதே தவறைச் செய்தன. நெகடிவின் முகப்பகுதியில் கூரான பென்சிலால் ‘டச்சப்’ செய்தால், பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாகும். வீட்டு ஆல்பங்களில் நிறம் கூடிய அத்தைகள் எல்லாரும் இந்தப் பென்சிலின் கைவண்ணம். இன்று ஃபிலிமில் போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் அந்தப் பென்சிலை எடுக்காமல் இருப்பது பெரிய முன்னேற்றம்.

ஃபிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டினும் அதில் கலந்த வெள்ளி உப்புத் துகள்களும். வெளிச்சம் பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நடக்கும். டெவலப்பர் மருந்து அந்தத் துகள்களை மட்டும் கறுத்த வெள்ளியாக மாற்றும். ஹைப்போ என்ற மருந்து மீதியைக் கரைத்துவிடும். மருந்தின் சூடு 20 டிகிரி என்பது பொதுவான கணக்கு. இல்ஃபோர்டின் எச்பி5 ஃபிலிமை ஐடி-11 மருந்தில் கழுவ அந்தச் சூட்டில் ஏழரை நிமிடம். ஏப்ரல் மாதம் பெங்களூர்க் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதால் வீட்டில் கழுவுகிறவர்கள் ஐஸ் கட்டியோடு உட்காருகிறார்கள். சென்னைக்காரர்களின் பாடு இன்னும் கஷ்டம். பழைய லென்ஸில் கடலோர ஈரத்தால் பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான் அதிகம்.

ஃபிலிமை நாமே தயாரித்த காலமும் இருந்தது. குளிர்ந்த, தூசியில்லாத காற்றைத் தேடி ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் அமைந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. கலருக்கும் பிறகு டிஜிட்டலுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அது நலிந்து மூடப்பட்டது. பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் அந்த ரோலைப் போட்டு எடுத்த பன்னிரண்டு சதுரப் படங்கள் எத்தனையோ தமிழ் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. இப்போது நம் கைக்கு வரும் ரோல்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் தயாரானவை. அங்கே இந்தத் தொழில் முடிந்துபோகவில்லை. 2023இல் ஹார்மன் நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் என்ற புதுக் கலர் ஃபிலிமும், 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம் புது ஃபிலிம் கேமராவும் கடைக்கு வந்தன.

இத்தனை சிரமப்பட்டு எடுத்தபின் நடக்கும் ஒரு விஷயம்தான் வருத்தம் தருகிறது. லேபுக்கு ரோலை அனுப்புகிறார்கள். லேப் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் படங்களை அனுப்புகிறது. அவை இன்ஸ்டாகிராமில் ஏறுகின்றன. நெகடிவைத் திரும்ப வாங்கப் பலர் போவதில்லை. ஸ்கேன் என்பது அந்த நெகடிவிலிருந்து இன்றைய மெஷின் எடுத்த ஒரு நகல். நாளைக்கு இதைவிட நல்ல நகல் எடுக்கலாம், பெரிய பிரிண்ட் போடலாம், மூலம் கையில் இருந்தால். ஃபிலிமுக்கு இத்தனை பணம் கொடுப்பதே அந்த மூலத்துக்காகத்தான்.

அமெரிக்காவின் சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், ரோலிஃப்ளெக்ஸோடு பல பத்தாண்டுகள் தெருக்களைப் படமெடுத்தார். அப்போது அவரை உலகத்துக்குத் தெரியாது. வாடகை கட்டாத கிடங்கிலிருந்து அவருடைய பெட்டிகள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேலான நெகடிவுகள் அப்படித்தான் வெளியே வந்தன. நம் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் எஞ்சியதைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயி ஹெட்லியும் ரமேஷ் குமாரும், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, படங்களைச் சேகரித்து டிஜிட்டல் வடிவில் பாதுகாத்திருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே எத்தனையோ ஸ்டூடியோக்களில் தகடும் ஃபிலிமும் பழைய சாமானோடு போய்விட்டன.

ஆகவே பெங்களூரிலும் சென்னையிலும் ஃபிலிம் எடுக்கும் இளைஞர்கள் லேபில் கிடக்கும் தங்கள் நெகடிவுகளை இந்த வாரமே போய் வாங்கிவர வேண்டும். வீட்டில் பழைய நெகடிவ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பரணில், ஓட்டுச் சூட்டில் அவற்றை விடாதீர்கள். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். வினிகர் வாடை அடிக்கிற ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றோடு சேர்க்காமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர் பெயர், ஊர், வருடம், ஸ்டூடியோ பெயர் ஆகியவற்றை, சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.