தனிமையும் கூடிப் பாடுதலும்: அழகர்கோவில் வட்டாரப் பாட்டு வழக்கங்கள்

கூடிப் பாடுதல் என்பது பலர் ஓரிடத்தில் சேர்ந்து, ஒருவர் குரலை மற்றவர் கேட்டுக்கொண்டே பாடுவதாகும். பாட்டைக் கேட்டாலே மனம் இலேசாகும் என்பது உண்மைதான். ஆனால் தனிமை விலகுவதற்குச் சேர்ந்து பாடுவது அதைவிடக் கூடுதலாக உதவுகிறது. மதுரைக்கு வடக்கே சுமார் 21 கி.மீ. தொலைவில் உள்ள அழகர்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதற்கான வழக்கங்கள் பல உள்ளன.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நகரத்து நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட கிராமத்து வீடுகளில் நாள் முழுவதும் தொலைக்காட்சி ஓடுகிறது. பேசத்தான் ஆள் இல்லை.

அழகர்கோவிலுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழமையானது. மாலிருங்குன்றத்தைப் பாடும் பரிபாடல் 15ஆம் பாட்டை இயற்றியவர் இளம்பெருவழுதியார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் நோதிறம். பின்னர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில் இத்தலத்து இறைவனைப் பாடினார். பூத்த சோலையும் மழைக்காலமும் தன்னை வருத்துவதாகச் சொல்லி, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்ளும் பாசுரங்கள் அதில் உள்ளன. துணையில்லாத ஒருத்தியின் ஏக்கமாகப் பிறந்த அப்பாசுரங்களை வைணவக் கோவில்களில் இன்று கோஷ்டியாக ஓதுகிறார்கள். ஒருவர் தொடங்க, மற்றவர் சேர்ந்துகொள்வர்.

ஆனால் கோஷ்டியில் ஓதப் பாடம் வேண்டும். எல்லோரும் அதில் நிற்க முடியாது. நாட்டார் மரபில் வாசல் இன்னும் அகலம்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து புறப்பட்டு, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் வழியாக வைகைக்கு வருகிறார். வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உண்டு. இந்தத் திருவிழாவோடு சேர்ந்ததுதான் வர்ணிப்பு. அழகரின் அலங்காரம், அவர் வரும் வழி, பதினெட்டாம்படிக் கருப்பசாமி, ராக்காயி அம்மன் என விரித்து, ராகம் இழுத்துப் பாடும் நீண்ட பாட்டு அது. சிறு புத்தகங்களாகவும் அச்சாகித் திருவிழாக்களில் விற்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வு நூல் வர்ணிப்புப் பாடல்களை விரிவாக ஆராய்கிறது. கோவில் கல்வெட்டுக்கு இணையாக இப்பாட்டுகளையும் சான்றாக எடுத்துக்கொண்டதே அந்நூலின் பெருமை என்பேன்.

பெண்களுக்கு உரியது முளைப்பாரிக் கும்மி. அம்மன் கோவில் திருவிழாவுக்கு முன் நவதானியத்தை முளைக்கப் போட்டு, பாரி வளரும் நாட்களில் மாலைதோறும் பெண்கள் வட்டமாகச் சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் ‘தானானே’ என்று வாங்கிக்கொள்வார்கள். இந்தத் ‘தானானே’ சின்ன விஷயமில்லை. பாட்டு தெரியாதவளும் அதைச் சொல்லலாம், கை தட்டலாம். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த புது மருமகளுக்கு முதல் நாளே வட்டத்தில் ஓர் இடம் கிடைத்துவிடும். வீட்டுக்குள் அவளுக்கு அந்த இடம் கிடைக்க எத்தனை மாதமாகுமோ!

ஒப்பாரியும் இவ்வகையில் சேரும். இழவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்துப் பாடி அழுவார்கள். துக்கத்துக்கு வந்தவள் தன் வீட்டில் என்றோ இறந்தவரையும் நினைத்து அழுவாள். அதைப் போலித்தனம் என்று படித்தவர்கள் கேலி செய்வதுண்டு. உரியவளைத் தனியே அழவிடாத ஏற்பாடு அது.

சேர்ந்து பாடும்போது என்ன நடக்கிறது என்பதை ஆய்வுகள் ஓரளவு காட்டியுள்ளன. நீண்ட அடிகளைப் பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. சுவீடனில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படி மூச்சு ஒத்துப்போகும்போது பாடுவோரின் இதயத்துடிப்பும் சேர்ந்தே கூடிக் குறைவதைக் கண்டது. இங்கிலாந்தில் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் நெருங்கியிருந்தனர்; ஆனால் பாடியவர்கள் மற்றவர்களைவிட விரைவாக நெருங்கினர். இது 2015இல் வெளிவந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஆறு மாதம் குழுவாகப் பாடியவர்களுக்குத் தனிமையுணர்வு குறைந்து, வாழ்வில் ஈடுபாடு கூடியது. நினைவாற்றலிலும் உடல்திறனிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாட்டு எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசுபவர்கள் இந்தக் கடைசி வரியையும் படிக்க வேண்டும்.

இன்று வர்ணிப்பு ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் வருகிறது. ஒப்பாரிக்கும் மைக் செட் வந்துவிட்டது. நடக்க முடியாமல் வீட்டில் படுத்திருப்பவருக்குப் பதிவுப்பாட்டு பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒலிபெருக்கி முழங்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் குரலே கேட்பதில்லை. ‘தானானே’ சொல்ல இடைவெளி விடாமல் பாட்டு ஓடுகிறது. முளைப்பாரி வட்டத்தின் நடுவே பெட்டியை வைத்துச் சினிமாப் பாட்டைப் போட்டால் கும்மிக்குத் தாளம் கிடைக்கும், அடியெடுத்துக் கொடுக்கும் கிழவிக்கு வேலை இருக்காது. பாட்டு தெரிந்தவள் என்பதற்காக ஊரார் அவளைத் தேடி வந்து அழைத்த காலம் உண்டு. அவளுக்கு அடுத்து அடியெடுத்துக் கொடுக்கப் பழகிய பெண்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஊரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.