ஓசையற்ற வெள்ளிப் பேய்

றோல்ஸ் றொய்ஸ் என்றதும் எம் நினைவில் எழுவது செல்வர்தம் பெருமிதமே. ஆயின், அவ்வண்டியை ஆக்கிய ஹென்றி றொய்ஸ் வறுமையில் உழன்றவர். ஆலைத் தொழிலில் நொடித்த தந்தை, மகனின் ஒன்பதாம் வயதிலேயே மறைந்தார். பத்திரிகை விற்றும் தந்தி சுமந்தும் வயிறு கழுவிய சிறுவன், உறவுப் பெண்மணி ஒருவர் பணம் கட்ட, ரயில்வேப் பட்டறையிற் சேர்ந்தான். மூன்றாண்டிற் பணம் நின்றது, பயிற்சியும் நின்றது.

பின்னாளில் மன்செஸ்டரில் மின்கருவித் தொழில் நடத்திய றொய்ஸ், பழைய பிரெஞ்சு மோட்டார் வண்டியொன்றை வாங்கினார். அதன் குறைகள் அவரை உறுத்தவே, 1904இல் தாமே ஒன்றைச் செய்து ஓட்டினார். அதனைக் கண்டு வியந்த பிரபு மகன் சார்ள்ஸ் றோல்ஸ், விற்பனைப் பொறுப்பை ஏற்றார்.

1907இல் வந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய ‘சில்வர் கோஸ்ட்’. பேயின் பெயரையா வண்டிக்குச் சூட்டுவது என நாம் திகைக்கலாம். ஓசையின்றி வந்து நிற்பதாலேயே அப்பெயர்! 15,000 மைல் சோதனையில், 629ஆம் மைலில் அது நின்றுவிட்டது. உடைந்தது எதுவுமில்லை, அதிர்வினாற் பெற்றோல் குழாயின் திருகு மூடிக்கொண்டதே காரணம். திறந்துவிட்டனர். எஞ்சிய 14,371 மைலும் பழுதென்று ஒருமுறையேனும் நிற்கவில்லை. ஈற்றில் வண்டியைக் கழற்றிப் பார்த்தனர். தேய்ந்த பாகங்களைப் புதுப்பிக்க இரண்டு பவுணுக்குச் சற்றே மேற்பட்ட தொகை போதுமானதாயிருந்தது.