பாதை இருந்தும் ஓடாத ரயில்கள்
2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ராஸ்டாட் அருகே, கீழே சுரங்கம் தோண்டியதில் மேலிருந்த தண்டவாளம் உள்வாங்கியது. தினமும் 200 சரக்கு ரயில்கள்வரை ஓடிய ரைன் பள்ளத்தாக்குப் பாதை அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. ஆற்றுக்கு அக்கரையில், பிரான்ஸில், வேறு பாதை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் ஓட்டப் பிரெஞ்சு தெரிந்த ஓட்டுநரும் அந்நாட்டு சிக்னலுக்கு ஏற்ற எஞ்சினும் வேண்டும்; இரண்டுக்கும் தட்டுப்பாடு. லாரியில் ஏற்றலாமே என்றால், ஒரு ரயிலின் சுமைக்கே பல பத்து லாரிகள் வேண்டும்.

இத்தகைய முடக்கத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். எப்போதோ வரும் விபத்துக்கு இப்போதே செலவழிப்பதா என்று கேட்கலாம். புதுப் பாதை போடச் சொன்னால் கேள்வி நியாயம்தான். ஆனால் மொழிப் பயிற்சிக்கும், முன்கூட்டியே எழுதிவைத்த மாற்று அட்டவணைக்கும் ஆவது, ஏழு வார முடக்கத்தின் நஷ்டத்துக்கு முன் சில்லறைக் காசு.