பெருநகரா, தாய்நகரா?



மெட்ரோ ரயில், மெட்ரோ நகரம் என்று அன்றாடம் பேசுகிறோம். 'மெட்ரோ' என்றால் 'பெரியது' என்று நம்மில் பலர் எண்ணுகிறோம. உண்மையில் அதன் வேர்ப்பொருள் 'தாய்'.

'மெட்ரோபொலிஸ்' என்னும் ஆங்கிலச் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'மேத்தேர்' என்றால் தாய்; 'பொலிஸ்' என்றால் நகரம். பண்டைய கிரேக்க நகரங்கள் தம் மக்களில் சிலரைக் கடல் கடந்து அனுப்பிப் புதிய நகரங்களை நிறுவின. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்து மக்கள் சிசிலித் தீவில் சிரக்கூசா நகரை நிறுவினர். இவ்வாறு புறப்படுவோர் தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துச் செல்வது வழக்கம். புதிய நகரமோ தன்னைத் தானே ஆண்டுகொண்டது. ஆக, ஒரு நகரைத் 'தாய்' ஆக்கியது அதன் பரப்பளவு அல்ல. அது பெற்று அனுப்பிய பிள்ளைகளே.

பின்னர் உரோமைப் பேரரசின் கிழக்குப் பகுதியில் மாநிலத் தலைநகருக்கு இப்பெயர் வழங்கியது. திருச்சபையும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு மாநிலத்தில் புதிய ஆயரின் நியமனத்தை உறுதிசெய்யும் பொறுப்பை, கி.பி. 325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கம் அதன் தலைநகர் ஆயரிடம் ஒப்படைத்தது. இன்றும் ஒரு மறைமாநிலத்தின் தலைமைப் பேராயர் 'மெட்ரோபொலிட்டன்' என்றே அழைக்கப்படுகிறார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 436) மற்ற மறைமாவட்டங்களில் விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா எனக் கண்காணிக்கும் கடமையை அவருக்குத் தருகிறது. அவற்றை ஆளும் அதிகாரத்தைத் தரவில்லை. தாய்மை என்பது உரிமை கொண்டாடுவது அல்ல, அக்கறை கொள்வது.

இலண்டனில் 1863இல் ஓடத் தொடங்கிய 'மெட்ரோபொலிட்டன்' சுரங்க ரயிலும், பாரிசில் 1900இல் தொடங்கிய ரயிலும் இப்பெயரையே தாங்கின. பாரிசு மக்கள் அதைச் சுருக்கி 'மெட்ரோ' என்றனர். 'நகரம்' உதிர்ந்தது, 'தாய்' மட்டும் மிஞ்சியது!

அன்று தாய்நகரம் தன் பிள்ளைகளுக்கு நெருப்பைக் கொடுத்து அனுப்பியது. இன்றோ, பிறர் பெற்ற பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பெருநகருக்கு வருகிறார்கள். அதன் பாலங்களைக் கட்டுகிறார்கள். அதன் குப்பையை அள்ளுகிறார்கள். இரவில் அவர்கள் தலைசாய்க்க இடம் உண்டா? நோயுற்றால் விசாரிக்க ஆள் உண்டா?

நகரங்களைப் பெருநகராக்குவது மக்கள் தொகை. தாய்நகராக்குவது அங்கு வாழும் நாம். நம் தெருவுக்குப் புதிதாய் வந்திருப்பவரின் பெயரையாவது இன்று கேட்டறிவோமா?