ரயில் பார்க்க ஆசையா? சென்னையில் பாதுகாப்பாக நின்று ரசிக்க 5 இடங்கள் இதோ!

குழந்தைக்கு ரயில் காட்டணும்னு தண்டவாள ஓரத்தில் போய் நிற்பவர்கள் உண்டு. அது ஆபத்து மட்டுமல்ல, குற்றமும்கூட. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம். அப்போ எங்கே நின்று பார்ப்பது?

1. சென்னை சென்ட்ரல்

இங்கே தண்டவாளம் முடிந்துவிடும். அதனால், வந்து சேரும் ரயிலின் இன்ஜினை பிளாட்பார முனையிலேயே மிக அருகில் பார்க்கலாம். இன்ஜின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பது அதன் மீதே எழுதியிருக்கும். 'ஆர்பிஎம்' என்றால் ராயபுரம், 'ஏஜேஜே' என்றால் அரக்கோணம், 'இடி' என்றால் ஈரோடு. குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு!

2. பேசின் பிரிட்ஜ்

சென்ட்ரலுக்கு முந்தைய நிலையம். கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பாதைகள் பிரியும் இடம் இது. சென்ட்ரலுக்குப் போகும், அங்கிருந்து வரும் ரயில்கள் இந்த வழியாகத்தான் போக வேண்டும். வேகம் குறைவாக இருப்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

3. திரிசூலம்

எதிரிலேயே விமான நிலையம். மின்சார ரயில்கள் நின்று செல்லும். எழும்பூரில் இருந்து தென் மாவட்டங்களுக்குப் போகும் வந்தே பாரத் உள்ளிட்ட ரயில்கள் நிற்காமல் பறக்கும். ரயிலையும் விமானத்தையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

4. கத்திப்பாரா – ஆலந்தூர்

மேம்பாலத்துக்குக் கீழே உள்ள சதுக்கத்தில் உட்கார்ந்தபடியே மெட்ரோ ரயில்களைப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள ஆலந்தூர் நிலையத்தில் நீலம், பச்சை வழித்தட ரயில்கள் மேலும் கீழுமாக இரண்டு தளங்களில் ஓடுகின்றன.

5. ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம்

2002-ல் திறக்கப்பட்டது. பழைய நீராவி இன்ஜின்களைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்று பார்க்கலாம். முதல் வந்தே பாரத் ரயில் 2018-ல் உருவானதும் இதே ஐ.சி.எஃப். தொழிற்சாலையில்தான்.

எவ்வளவு செலவாகும்?

பிளாட்பார டிக்கெட் ரூ.10, 2 மணி நேரம் செல்லும். பண்டிகைக் கூட்ட நாட்களில் இதன் விற்பனையை நிறுத்தி வைப்பதும் உண்டு. இந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக் கூடாது. மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் வெறும் ரூ.5 என்பதால், ஒரு ரவுண்டு போய் வருவதே நல்ல யோசனை.

இதை மறக்காதீங்க!

மின்சார ரயில் அவ்வளவாகச் சத்தம் போடாமல் வந்துவிடும். டிரைவர் பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதனால் நடைமேம்பாலத்தில் இருந்து செல்ஃபி ஸ்டிக், குடை எதையும் வெளியே நீட்ட வேண்டாம். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்க, குழந்தையின் கையை விடாதீங்க. ரயில் நாளைக்கும் வரும்!