பக்கத்து வீட்டு வைத்தியம்

சத்தியமங்கலம் பஸ் நிலையத்தில் காலை வேளையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மல்லிகைப் பூ மூட்டைகள் வெளியூருக்குப் புறப்பட்டுக் கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் கடம்பூர் மலையிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் பஸ்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் ராகி மூட்டையோடு வருகிறவர் உண்டு. கைக்குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிற தாயும் உண்டு.

குழந்தையின் வாடிய முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாராவது கேட்பார்: "ஏன் அம்மணி, நேத்தே கொண்டாந்திருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால், 'இது நேற்றே புறப்பட வேண்டிய காய்ச்சல்' என்று மலை மேல் அவளுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் யார்? டாக்டர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, வாசகர்களே! பக்கத்து வீட்டுக்காரிதான்!

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள மலைகளில் ஊராளிகள், சோளகர்கள், மலையாளிகள் வாழ்கிறார்கள். மலையாளிகள் என்றதும் கேரளத்துக்கு ஓடிவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாசிகள். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி மலைகளிலும் இதே மக்கள் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கேயும் இவர்கள்தாம் பெரும்பாலோர். பக்கத்து வீட்டு வைத்தியம் எதைச் சாதிக்கும் என்று அறிய வேண்டுமானால் அந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

ஏழு தொட்டிலில் ஒன்று

1993-ஆம் ஆண்டு ரெஜி, லலிதா என்ற இளம் டாக்டர் தம்பதி அங்கே குடியேறினார்கள். கேரளத்தில் படித்தவர்கள், திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். ரெஜி மயக்க மருந்து நிபுணர். லலிதா பிரசவ நிபுணர். பட்டணத்தில் பெயர்ப் பலகை மாட்டியிருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். அவர்கள் தேடிப் பிடித்ததோ, ஆஸ்பத்திரியே இல்லாத இந்தப் பள்ளத்தாக்கை.

அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. அதாவது, ஏழு தொட்டில் கட்டினால் ஒன்று காலி!

ஊரார் சேர்ந்து எழுப்பிய ஒரு குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. ஒரு பெஞ்சு, ஒரு நூறு வாட் பல்பு. அந்த வெளிச்சத்தில்தான் பிரசவமும் நடந்தது, சின்னச் சின்ன அறுவைச் சிகிச்சையும் நடந்தது.

பிள்ளைகளைக் கொண்டுபோன நோய்கள் என்ன, பெயர் தெரியாத அபூர்வ வியாதிகளா? இல்லவே இல்லை. வயிற்றுப்போக்கு, நெஞ்சுச் சளி, பிறக்கும்போதே எடைக் குறைவு ஆகிய இவைதாம் ஏழைக் குழந்தைகளுக்கு எங்கேயும் எமன். இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்பே வீட்டுக்குள் தடுக்கக் கூடியவை. ஆனால் வீட்டுக்கு வீடு இரண்டு டாக்டர்கள் எப்படிப் போய் நிற்பது?

அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு கிராமமும் தன்னிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். டாக்டர் பொறுக்குவதில்லை, ஊர் பொறுக்க வேண்டும். அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்த குடும்பஸ்திரீகள். படிப்பு அதிகம் இல்லை. மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாடம் கேட்பார்கள். ஊர் திரும்பிப் பத்து வீட்டுக்குச் சொல்வார்கள். கர்ப்பிணிகளைப் போய்ப் பார்ப்பது, குழந்தையை எடை போடுவது, ஆபத்தான அறிகுறி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுவது ஆகியவை அவர்கள் வேலை. இவர்களைத் தவிர, பள்ளத்தாக்கின் இளம் பெண்களைச் சேர்த்து, ரத்தப் பரிசோதனை முதல் பிரசவம் பார்ப்பது வரை வருஷக் கணக்கில் பழக்கினார்கள்.

அடுப்பங்கரைப் பாடம்

இதில் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். வயிற்றாலை போகிற குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று பயப்படுகிற வீடுகள் பட்டணத்திலும் உண்டு. உண்மையில் குழந்தையைக் கொல்வது, உடம்பிலிருந்து நீரும் உப்பும் வற்றிப் போவதுதான். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும்.

இதையே வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னால் தாய் தலையை ஆட்டுவாள். வீட்டுக்குப் போனதும் மாமியார் சொல்வதைத்தான் கேட்பாள். பக்கத்து வீட்டு அக்காள் அடுப்பங்கரைக்கே வந்து, அதே சொம்பில், அதே கரண்டியால் கலந்து, "என் பிள்ளைக்கும் இதுதான் கொடுத்தேன்" என்றால் மாமியாரும் வாயடைத்துப் போவாள். அறிவு ஒன்றுதான், அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பதில்தான் சூட்சுமம்.

பலன் என்ன? ஆயிரத்துக்கு 147 என்றிருந்த சாவு, இருபதின் பக்கத்துக்கு இறங்கிவிட்டது. குடிசை 35 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். குறுக்கே கிடக்கிற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வெளியே எடுக்க முடியாது. ஆனால் வேளையோடு வண்டி ஏற்ற அவளால்தான் முடியும்.

ராகி போன கதை

குழந்தைகள் பிழைத்தன. ஆனால், பெரியவர்களிடம் புதிய வியாதிகள் தலைகாட்டின: ரத்த அழுத்தம், சர்க்கரை. மலைவாசிக்குச் சர்க்கரை வியாதியா? ஆராய்ந்தபோது காரணம் வயலில் இருந்தது. ராகியும் சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் பணப் பயிர்கள் வந்துவிட்டன. உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் கடன். சாப்பாட்டுக்கோ கடை அரிசி.

ஆகவே வைத்தியம் வயலுக்கு இறங்கியது. ஊர் ஊராகப் பேசினார்கள். 2004-ல் சில விவசாயிகள் சேர்ந்து, ரசாயனம் இல்லாமல் பயிர் செய்ய ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பரவியது. சிறுதானியம் மறுபடி வயலுக்கு வந்தது. வயலிலிருந்து தட்டுக்கும் வந்தது. பின்னால், சுகாதார ஊழியராகப் பழகிய ஒரு பெண்மணியையே ஊரார் ஊராட்சித் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்! பிள்ளையை எடை போட்ட கைக்கு ஊரை நிறுத்துப் பார்க்கவும் தெரியும் என்று நம்பினார்கள் போலும்.

இந்த வழியில் சிட்லிங்கி தனியாக நிற்கவில்லை. மகாராஷ்டிரத்து ஜாம்கேட்டில் 1970-களிலேயே டாக்டர் அரோலே தம்பதி எழுத்தறியாத கிராமப் பெண்களைச் சுகாதார ஊழியர்களாக்கிக் காட்டினார்கள். 1978-ல் அல்மா அட்டாவில் கூடிய உலக மகாநாடு, மக்களின் பங்கு இல்லாமல் ஆரோக்கியம் இல்லை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடு தேடிப் போகிறவர் உள்ளூர்ப் பெண்தான்.

இதெல்லாம் மலைக்காரர்களின் சங்கதி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தெருவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை? எத்தனை பேர் இன்னும் பரிசோதிக்கவே இல்லை? எதிர்வீட்டுப் பாட்டி மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாயிற்று? ஆஸ்பத்திரிக்குத் தெரியாத இந்த விவரமெல்லாம் குழாயடியில் தெரியும்! அதை வம்பாக்குவதும் வைத்தியமாக்குவதும் நம் கையில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து விடிகாலையில் பவானி ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம். வாரம் இரண்டு நாள் ராகிக் களி என்று நான்கு குடும்பம் தீர்மானிக்கலாம். பாட்டியைக் கைபிடித்து ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். இதற்குப் பட்டம் வேண்டாம்; பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற உரிமை போதும்.

நாளைக்கும் சத்தியமங்கலத்தில் மலை பஸ் வந்து நிற்கும். கைக்குழந்தையோடு ஒரு தாய் இறங்குவாள். ஆனால் குழந்தை கண்ணை விழித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். "என்ன அம்மணி, குழந்தைக்கு என்ன?" என்று கேட்டால், அவள் சொல்வாள்: "நேத்துச் சாயங்காலந்தான் சுட்டுதுங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிருச்சுங்க."

அந்த 'அக்கா' ஒவ்வோர் ஊரிலும் ஒருத்தி வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தி வேண்டும். உங்கள் தெருவில் அது ஏன் நீங்களாகவே இருக்கக் கூடாது?