திருக்கை மீனும் வெண்ணெய்த்தாழியும்: ஷார்தேன் குறித்து

ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என்பதைப் பிரெஞ்சில் 'நாத்யூர் மோர்த்' என்கிறார்கள். முன்னது அசையாதிருக்கும் உயிர். பின்னது செத்த இயற்கை. ழான் சிமியோன் ஷார்தேனின் (1699–1779) படங்கள் இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் நிற்கின்றன.

ஷார்தேன் பாரிசில் பில்லியர்ட்ஸ் மேசை செய்த ஒரு தச்சரின் மகன். பெரிய ஓவியர்கள் என்றால் இத்தாலிக்குப் போய்வர வேண்டும் என்றிருந்த காலத்தில் அங்கே போகாதவர். 1728-இல் ராயல் அகாதெமி அவரைச் சேர்த்துக்கொண்டது, 'விலங்குகளும் பழங்களும் வரைபவர்' என்கிற தகுதியில். அது அங்கீகாரம், கூடவே ஒரு எல்லைக்கோடு. முந்தைய நூற்றாண்டிலேயே ஃபெலிபியான் ஓவிய வகைகளை அடுக்கி வைத்துவிட்டார். உச்சியில் புராண, வரலாற்றுக் காட்சிகள். அடியில் பழமும் பூவும். படைப்பில் உயர்ந்தவன் மனிதன், ஆகவே அவனை வரைபவனே உயர்ந்த ஓவியன் என்பது வாதம். வரைபவனின் அந்தஸ்தை வரையப்படுவது தீர்மானிக்கிறது. தொழிலை வைத்து ஆளை அடுக்கும் ஊரில் பிறந்த நமக்கு இந்தத் தர்க்கம் புதிதில்லை.

அகாதெமிக்குள் அவரைக் கொண்டுபோன படங்களில் ஒன்று 'திருக்கை'. வயிறு கீறிய மீன் கொக்கியில் தொங்குகிறது. கீழே சிப்பிகள்மேல் முதுகை வளைத்து நிற்கும் பூனை, கத்தி, ஜாடி. நாகப்பட்டினம் மீன் கடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற விஷயம். பொருள் அருவருப்பானது, ஆனால் இது மீனின் சதையேதான் என்று பிற்பாடு திதரோ வியந்தார். கிட்டே போனால் வெறும் வண்ணப் பூச்சு, தள்ளி நின்றால் பொருள் திரண்டு வருகிறது என்றும் கவனித்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். மன்னார்குடிப் பங்குனித் திருவிழாவில் ராஜகோபாலன் வெண்ணெய்த்தாழியோடு தவழும் கோலத்தில் வருகிறான். ஜனங்கள் வெண்ணெய் வீசுகிறார்கள். தஞ்சாவூர்ப் படத்திலும் அதே கண்ணன், அதே தாழி, மேலே தங்க ரேக்கும் கல் பதிப்பும். கண்ணனை எடுத்துவிட்டுத் தாழியை மட்டும் வரைந்தால், 'இதுல என்ன சார் இருக்கு?' என்போம். பொருளுக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது, கடவுள் தொட்டால்தான் உண்டு என்கிற பார்வை இது. ஃபெலிபியானுக்கு மனிதன், நமக்குக் கடவுள். இரண்டிலும் பானை எடுபிடிதான்.

ஷார்தேனின் செம்பு நீர்த்தொட்டிப் படத்தில் (1734 வாக்கில்) ஆளே இல்லை. தொட்டி, பக்கத்தில் வாளி, ஒரு கூஜா. குழாய்த் தண்ணீர் வராத பாரிஸ் வீடுகளுக்கு யாரோ தண்ணீர் சுமந்தார்கள், யாரோ செம்பைத் துலக்கினார்கள். அந்த உழைப்பு தொட்டியின் பளபளப்பில் தங்கியிருக்கிறது. இந்தப் படங்களை வெறும் 'அழகியல்' என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான். உழைப்பவரைப் பரிதாபத்துக்குரிய உருவமாக்காமலே உழைப்பைப் பார்க்கவைக்கிறார்.

அடுக்கின் அடியில் இருந்த இவரது காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை (1761) 2022-இல் பாரிஸ் ஏலத்தில் 2.4 கோடி யூரோவுக்கு மேல் போனது. பிறகு நன்கொடை திரட்டி லூவர் அதை வாங்கிக்கொண்டது. அடுக்கைச் சந்தை கலைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கூடை இப்போது அரண்மனைக்குள் இருக்கிறது. நம் ஓவியக் கல்லூரிகளிலோ மண்பானையும் துணி மடிப்பும் இன்றும் முதல் வருஷப் பயிற்சி, தாண்டிப் போக வேண்டிய படி. அந்தப் படியிலேயே ஒருவர் ஆயுசு முழுக்க நிற்கலாம் என்று சொல்லத்தான் ஷார்தேன் தேவைப்படுகிறார்.